டார்ஷன் பாரை முறுக்கினால் வண்டி உயரும், ஸ்பிரிங் விறைக்காது

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பழைய சுமோவோ சஃபாரியோ வைத்திருப்பவர்களிடம் "வண்டி முன்பக்கம் இறங்கிப்போச்சு" என்று சொல்லிப் பாருங்கள். கேட்ட மாத்திரத்தில் வைத்தியம் வந்துவிடும்: "டார்ஷன் பாரை ரெண்டு சுத்து டைட் வைங்க. வண்டி தூக்கிரும், ஸ்பிரிங்கும் ஹார்டாயிரும்." முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பிதான் டார்ஷன் பார். அதன் முனையில் உள்ள போல்ட்டைத் திருகுவதைத்தான் டைட் வைப்பது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு. ஆனால் அந்த இரண்டாம் பாதியை நம்பித்தான் பலர் போல்ட்டைத் திருகச் சொல்கிறார்கள். கூடுதலாக நாலு மீன் பெட்டி ஏற்றலாம், மணலில் சிக்காமல் போகலாம், பள்ளத்தில் இடிக்காது என்று எதிர்பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் வண்டி கட்டை வண்டி மாதிரி உதறுகிறது, டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது, அப்புறம் பழி மெக்கானிக் மேல் விழுகிறது.

வண்டி நிற்கும் உயரம் ஒரு விஷயம். ஸ்பிரிங்கின் விறைப்பு வேறொரு விஷயம். இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் இத்தனை குழப்பமும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பட்டறையில் உங்களிடம் சொல்லப்படுவதில் எது சரி, எது கதை என்று நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.

எந்த உயரத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

வண்டி சமதரையில், ஆடாமல் அசையாமல் நிற்கும்போது பாடியும் அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸும் சக்கரத்துக்கு மேலே எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் நிற்கும் உயரம். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தால் அது கிடைத்துவிடும். தரையிலிருந்து மட்கார்டு வரைதான் பலரும் அளக்கிறார்கள். அப்படி அளந்தால் டயரில் இருக்கும் காற்றும், டயர் தேய்ந்திருக்கும் அளவும் கணக்கில் கலந்துவிடும். ஒரு டயரில் காற்று குறைந்திருந்தாலே ஸ்பிரிங் இறங்கிவிட்டது போலத் தோன்றும். அதனால் சக்கர மையத்திலிருந்து அளப்பதுதான் நம்பகமானது.

தரை இடைவெளி இதிலிருந்து வேறுபட்டது. வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்து தொங்கும் பாகத்துக்கும் தரைக்கும் உள்ள தூரம் அது. "ஒரு இஞ்ச் தூக்கினா கிளியரன்ஸ் ஒரு இஞ்ச் கூடும்" என்று சொல்வது எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

மாருதி ஜிப்ஸியையும் பழைய மகிந்திரா ஜீப்பையும் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைத்து ஆக்சில் என்ற ஒரு இரும்புக் குழாய் குறுக்கே போகும். அதில் பானை போலப் புடைத்திருப்பது டிஃபரன்ஷியல், எஞ்சின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. அந்தப் புடைப்புதான் அடியில் மிகத் தாழ்ந்த இடம். அது சக்கரத்தோடு சேர்ந்து நிற்கிறதே ஒழிய ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்பிரிங்கை நீங்கள் எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் மேலே போகும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தூக்க வேண்டுமென்றால் பெரிய டயர் போடுவதுதான் வழி.

டாடா சுமோ, பழைய சஃபாரி, 2010இல் வந்த மகிந்திரா தார் போன்றவற்றின் முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே இரண்டு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியாக இருந்தால் முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்த்து மாட்டப்பட்டிருக்கும். முன்பக்கத்தை உயர்த்தினால் அதுவும் உயரும். ஆனால் இதே வண்டிகளின் பின்பக்கம் பழைய குறுக்கு ஆக்சில்தான். எனவே முன்பக்கம் எத்தனை தூக்கி நின்றாலும், பின் டிஃபரன்ஷியல் இடிக்கிற கல்லில் இடிக்கத்தான் செய்யும்.

சுருக்கமாக: உயரத்தைச் சரிசெய்வது பாடியை உயர்த்தும். அடியில் இடிக்கும் பாகம் உயருமா என்பது அந்தப் பாகம் எதில் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மீன் தராசில் இருக்கிற பாடம்

பாம்பனிலோ மண்டபத்திலோ மீன் இறங்கும் இடத்தில், கொக்கியில் தொங்கும் வட்ட முகத் தராசைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங். கூடையை மாட்டினால் ஸ்பிரிங் நீண்டு முள் நகரும். பத்து கிலோ மீனுக்கு முள் பத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது தராசு தொங்கும் கயிற்றை இழுத்து, மொத்தத் தராசையும் ஒரு சாண் மேலே கட்டுங்கள். கூடை ஒரு சாண் உயர்ந்துவிட்டது. முள்? அதே பத்தில்தான் நிற்கும். மேலே தூக்கியதால் மீனின் எடை கூடிவிடவில்லை. எடை கூடாதபோது ஸ்பிரிங் கூடுதலாக நீளவும் காரணமில்லை. இன்னும் இரண்டு கிலோ மீனைக் கூடையில் போட்டால், கீழே கட்டியிருந்தபோது எவ்வளவு இறங்கியதோ அதே அளவுதான் இப்போதும் கூடை இறங்கும். தராசு உயர்ந்திருக்கிறது, விறைக்கவில்லை.

இரண்டு கிலோவுக்குக் கூடை குறைவாக இறங்க வேண்டுமென்றால் தராசைக் கழற்றி, உள்ளே வேறு தடிமனான ஸ்பிரிங் போட வேண்டும். ஒரு ஸ்பிரிங்கை ஒரு சென்டிமீட்டர் நகர்த்த எத்தனை கிலோ தேவை என்பதற்குப் பெயர் ஸ்பிரிங் விறைப்பு. அது இரும்பின் தடிமனிலும் நீளத்திலும் வடிவத்திலும் அடங்கியிருக்கிறது. எங்கே கட்டித் தொங்கவிட்டீர்கள் என்பதில் இல்லை.

தராசை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வோம். கூடையின் அடியிலிருந்து தரையில் உள்ள வளையத்துக்கு ஒரு கயிறு கட்டியிருக்கிறது என்று நினையுங்கள். தராசை உயர்த்த உயர்த்தத் தொய்ந்து கிடந்த கயிறு இறுகிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் முழுக்க விறைத்துவிடும். அதற்கு மேலும் தராசை இழுத்துக் கட்டினால் கூடை உயராது. ஸ்பிரிங் மட்டும் நீளும், முள் பத்தைத் தாண்டும். இப்போது கூடையில் ஒரு கிலோ மீனைப் போட்டாலும் கூடை அசையாமல் அப்படியே நிற்கும். பார்க்கிறவருக்கு "ஸ்பிரிங் ஹார்டாகிவிட்டது" என்றுதான் தோன்றும். உண்மையில் கூடையைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கயிறு. வண்டியிலும் இப்படி ஒரு கயிறு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

டார்ஷன் பார் என்றால் என்ன?

பெயர்தான் பெரிது. பொருள் என்னவோ நேரான ஒரு இரும்புக் கம்பி. முன் சக்கரத்தைத் தாங்கும் கைக்கு ஆர்ம் என்று பெயர். அந்த ஆர்மில் கம்பியின் ஒரு முனை மாட்டியிருக்கும். அங்கிருந்து கம்பி வண்டியின் நீளவாக்கில் பின்னோக்கிப் போய், டிரைவர் இருக்கைக்குக் கீழே வரும் குறுக்குச் சட்டத்தில் முடியும். சக்கரம் மேடேறினால் ஆர்ம் மேலே போகும், கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய கம்பி திரும்பி அவிழப் பார்க்கும் விசைதான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. சுருள் ஸ்பிரிங் செய்யும் வேலையையே இது வேறு வடிவத்தில் செய்கிறது. சுருள் ஸ்பிரிங்கிலும் கம்பி முறுக்கத்தான் படுகிறது. சுற்றிச் சுருட்டி வைத்திருப்பதால் நமக்கு அது அமுங்குவது போலத் தெரிகிறது.

கம்பியின் பின்முனையில் ஒரு சின்ன நெம்பு கை இருக்கும். அந்தக் கையை ஒரு நீளமான போல்ட் தாங்கிப் பிடித்திருக்கும். இந்தப் போல்ட்டைத்தான் மெக்கானிக் திருகுகிறார். திருகினால் நெம்பு கை கொஞ்சம் சுழலும், அதோடு கம்பி முழுதும் சுழலும், முன்னால் உள்ள ஆர்ம் கீழ்நோக்கித் தள்ளப்படும். சக்கரம் தரையில் நிற்பதால் அது கீழே போக முடியாது. பாடி மேலே எழும்பும்.

இங்கேதான் கண் ஏமாற்றுகிறது. போல்ட்டைத் திருகத் திருகக் கை வலிக்கிறது, இரும்பு கிறீச்சிடுகிறது. கம்பி இன்னும் இன்னும் முறுக்கேறுகிறது என்றே மனசு நம்பும். ஆனால் வண்டி உயர்ந்து நின்ற பிறகு கம்பியில் இருக்கும் முறுக்கு முன்பிருந்த அளவுதான். பின்முனை எவ்வளவு சுழன்றதோ முன்முனையும் ஏறக்குறைய அவ்வளவே சுழன்றுவிட்டது. தராசைக் கயிற்றோடு மேலே தூக்கிக் கட்டியது போலத்தான். தாங்க வேண்டிய எடை மாறவில்லை, அதனால் முறுக்கும் மாறவில்லை. ஆர்மின் கோணம் மாறுவதால் வரும் சின்ன வித்தியாசத்தை இங்கே விட்டுவிடலாம்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளியும். இவை எந்த வண்டியின் அளவும் இல்லை, கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஒரு முன் சக்கரத்தின் ஸ்பிரிங் 450 கிலோ தாங்குகிறது. அதன் விறைப்பு ஒரு சென்டிமீட்டருக்கு 30 கிலோ. அப்படியானால் அந்த எடைக்கு ஸ்பிரிங் 15 சென்டிமீட்டர் அமுங்கித்தான் நிற்கும். போல்ட்டைத் திருகி வண்டியை 3 சென்டிமீட்டர் உயர்த்துகிறீர்கள். எடை அதே 450. விறைப்பு அதே 30. வகுத்தால் அதே 15. மேலும் 60 கிலோ ஏற்றினால் திருகுவதற்கு முன்னும் 2 சென்டிமீட்டர் இறங்கும், பின்னும் 2 சென்டிமீட்டர் இறங்கும்.

விறைப்பைக் கூட்ட வேண்டுமென்றால் தடித்த கம்பி போட வேண்டும். இதில் ஒரு ஆச்சரியமான கணக்கு இருக்கிறது. உருண்டைக் கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் (விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம்) கூடும். விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் போதும், விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாத இரண்டு கம்பிகள் ஓட்டும்போது இரண்டு வேறு வண்டிகளாகத் தெரியும்.

இதையே திருப்பிப் பார்த்தால் இன்னொரு நம்பிக்கையும் அடிபடும். பழைய வண்டி இறங்கிப்போனால் "ஸ்பிரிங் தளர்ந்து போச்சு, சாஃப்டாயிருச்சு" என்பார்கள். வருஷக் கணக்கில் பாரம் தாங்கிய இரும்பு தன் பழைய வடிவத்துக்கு முழுக்கத் திரும்பாமல் கொஞ்சம் படிந்துபோகும். அதனால் உயரம் குறையும். விறைப்போ பெரும்பாலும் அப்படியே இருக்கும், இரும்பின் குணமும் தடிமனும் மாறாத வரை. அதனால் படிந்துபோன டார்ஷன் பாருக்குப் போல்ட்டைத் திருகி இழந்த உயரத்தை மீட்பது முறையான வைத்தியமே. தயாரிப்பாளர்கள் அந்தப் போல்ட்டை வைத்திருப்பதே அதற்குத்தான். இழந்ததை மீட்பது வரை சரி. அதைத் தாண்டித் திருகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அப்புறம் ஏன் ஓட்டும்போது விறைப்பாகத் தெரிகிறது?

"நீங்க என்ன வேணா சொல்லுங்க காக்கா (அண்ணே), டைட் வச்ச பிறகு வண்டி ஹார்டாத்தான் இருக்கு" என்று கீழக்கரையில் ஒரு டிரைவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் உணர்வது உண்மை. காரணம்தான் வேறு.

சக்கரம் மேலே போவதற்கு ஒரு எல்லை உண்டு. அங்கே ஒரு ரப்பர் கட்டை தடுக்கும். கீழே தொங்குவதற்கும் ஒரு எல்லை உண்டு. அங்கேயும் தடுப்பு இருக்கும். சில வண்டிகளில் ஷாக் அப்சார்பரின் முழு நீளமே அந்த எல்லை. ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அதன் ஆட்டத்தை எண்ணெய் வைத்து அடக்கும் குழாய்தான் ஷாக் அப்சார்பர். தராசுக் கூடையின் அடியில் கட்டிய கயிறு என்று சொன்னேனே, அது இந்தக் கீழ் எல்லைதான்.

மேலே 10, கீழே 8 என்று மொத்தம் 18 சென்டிமீட்டர் ஓட்டம் உள்ள சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 3 சென்டிமீட்டர் உயர்த்தினால் மொத்த ஓட்டம் கூடாது. மேலே 13, கீழே 5 என்று பங்குதான் மாறும். இப்போது 6 சென்டிமீட்டர் பள்ளம் வருகிறது. முன்பு சக்கரம் சாவகாசமாக உள்ளே இறங்கி ஏறியிருக்கும். இப்போது ஐந்திலேயே தடுப்பில் போய் "டக்"கென்று முட்டி, வண்டியின் மூக்கையும் சேர்த்துக் கீழே இழுக்கும். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போதும் அப்படித்தான். சாயல்குடிப் பக்கம் உட்சாலைகளில் ஓட்டினால் இந்த டக் டக் சத்தம் ஓயாது.

இன்னும் அதிகமாகத் திருகி, நிற்கும்போதே ஆர்ம் கீழ்த் தடுப்பில் போய் உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. கயிறு இறுகிய கூடை மாதிரி, கொஞ்ச எடைக்கு வண்டி அசையவே அசையாது. அங்கிருந்து மேலும் திருகினால் வண்டி உயராமல் கம்பியில் மட்டும் முறுக்கு ஏறும். இந்த ஒரு நிலையில் மட்டும்தான் "டைட் வைப்பது" என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

டைட் வைக்கச் சொல்பவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே ரொம்ப இறங்கி, மேல் தடுப்பில் அடிக்கடி முட்டிக்கொண்டிருந்த வண்டியை உரிய உயரத்துக்குக் கொண்டுவந்தால் இடி நிற்கும், ஓட்டம் மென்மையாகும். அது ஸ்பிரிங் விறைத்ததால் அல்ல, மேலே போக இடம் கிடைத்ததால்.

உயர்த்தினால் கூடவே எதெல்லாம் மாறும்?

முன் சக்கரத்துக்கு எஞ்சின் விசையைக் கொண்டுபோகும் தண்டு நேராக இருக்க முடியாது. சக்கரம் ஏறி இறங்கவும் திரும்பவும் வேண்டும். வளைந்த நிலையிலும் சீராகச் சுழல வைக்கும் மூட்டுக்கு சி.வி. ஜாயின்ட் என்று பெயர். அதன் மேல் கிரீஸ் நிரப்பிய ரப்பர் உறை மூடியிருக்கும். வண்டியை உயர்த்தினால் அந்தத் தண்டின் சாய்வு கூடும், உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும். உறை கிழிந்தால் மற்ற ஊர்களில் தூசி போகும். இங்கே தூசியோடு மணலும் உப்பும் போகும். கிரீஸில் கலந்த கடற்கரை மணல் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல ஜாயின்ட்டை அரைத்துவிடும். ஃபோர் வீல் வண்டிக்காரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து டயர். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது காம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ இருப்பது டோ. ஆர்மின் கோணம் மாறினால் இரண்டும் மாறும். அதனால் போல்ட்டைத் தொட்ட வண்டியை அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டுவது, டயருக்குக் கொடுத்த காசைத் தார்ச்சாலையில் தேய்த்து விடுவதுதான். பட்டறையில் போல்ட்டைத் திருக அரை மணி நேரம் போதும் என்பதால் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

முகவிளக்கின் பார்வையும் மேலேறும். ஈ.சி.ஆரில் இரவில் எதிரே வருபவர் கண் கூசும். அதைக் கீழிறக்கி வைப்பது ஸ்க்ரூடிரைவர் வேலை, மறந்துவிடக் கூடாது.

பின்பக்கத்தை உயர்த்துபவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பல வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி அல்லது ஸ்பிரிங், ஒரு பிரேக் வால்வோடு இணைந்திருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தமும், காலியாக உயர்ந்து நின்றால் குறைந்த அழுத்தமும் அனுப்புவது அதன் வேலை. நீங்கள் வண்டியை உயர்த்தினால் வால்வு "வண்டி காலி" என்று நினைத்துக்கொள்ளும். பாரம் ஏற்றினாலும் பின் பிரேக் முழுதாகப் பிடிக்காது. அந்த இணைப்பையும் சேர்த்துச் சரிசெய்தே ஆக வேண்டும்.

கமான் பட்டையும் சுருள் ஸ்பிரிங்கும்

எல்லா வண்டியிலும் திருகுவதற்குப் போல்ட் கிடையாது. ஜிப்ஸியிலும் பழைய ஜீப்பிலும் நாலு மூலையிலும் கமான் பட்டைதான், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங். சுமோ, 2010இல் வந்த தார் ஆகியவற்றின் பின்பக்கமும் அதுவே. இதில் உயரம் பட்டையின் வளைவில் இருக்கிறது. வளைவு படிந்துபோனால் கமான் பட்டறையில் பட்டைகளைக் கழற்றி, தட்டி வளைவைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். உயரம் வரும், நல்ல கையாக இருந்தால் சில வருஷம் நிற்கும், இல்லையென்றால் சில மாதத்தில் மறுபடி படியும்.

ஒரு பட்டை கூடுதலாகச் சொருகினால் மட்டும் உயரமும் கூடும், விறைப்பும் கூடும். தாங்கும் இரும்பே அதிகமாகிவிட்டதே. தினமும் ஐஸ் பெட்டியும் மீனுமாகப் பாரம் ஏற்றுபவருக்கு இதுதான் பொருத்தம். காலியாக ஓட்டுபவருக்கு முதுகுவலிதான் மிச்சம். இன்னொரு வழி, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது. பின்பக்கம் அளவோடு வைப்பதுண்டு. முன்பக்கம் வைக்கவே கூடாது. பிரேக் போடும்போது ஆக்சில் சுழலப் பார்க்கும், அந்த விசையும் ஸ்டியரிங் விசையும் சேர்ந்து கட்டையை நகர்த்தினால் வண்டி கையில் நிற்காது.

பழைய சஃபாரி, ஸ்கார்பியோவின் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங். அடியில் தடுக்கு என்னும் தடித்த வளையத்தை வைத்து உயர்த்தினால் டார்ஷன் பார் கதைதான்: உயரம் மட்டும் மாறும். விறைப்பு வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

இதுவரை பார்த்ததில் போல்ட்டைத் திருகுவதும் தடுக்கு வைப்பதும் உயரத்தை மட்டும் மாற்றும். பட்டை சேர்ப்பதும் தடித்த கம்பி போடுவதும் விறைப்பையும் மாற்றும். பாரத்துக்காகக் கேட்கிறீர்களா, தோற்றத்துக்காகவா என்று உங்களையே கேட்டுக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

மணலும் உப்பும்

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி ஜீப்பும் வேனும்தான் மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் ஆளேற்றிப் போய்க்கொண்டிருந்தன. இந்தக் கரையில் "தூக்கி வச்ச வண்டிதான் மணலில் போகும்" என்ற பேச்சுக்கு அந்தக் காலத்துப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். மணலில் வண்டி சிக்குவது பெரும்பாலும் பாடி தாழ்ந்திருப்பதால் அல்ல, டயர் புதைவதால். காற்றைக் குறைத்தால் டயரின் தடம் நீண்டு, எடை பரவி, புதையாமல் மேலே மிதக்கும். 30 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் டயரை 18, 20க்கு இறக்கி மெதுவாக, சட்டென்று வெட்டித் திருப்பாமல் ஓட்டினால் கிடைக்கும் பலன், முன்பக்கத்தை இரண்டு இஞ்ச் உயர்த்தினாலும் கிடைக்காது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி ஏற்ற வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும். காற்றடிக்கும் சின்ன பம்புக்கு ஆகும் செலவு, தூக்கி வைக்கும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கடல்நீரில் இறக்குவதும் அப்படித்தான். பாடியை உயர்த்தினாலும் ஆக்சிலும் சக்கர பேரிங்கும் அதே மட்டத்தில் தண்ணீருக்குள்தான் இருக்கும்.

உப்பு செய்யும் வேலை மெதுவானது, ஆனால் இதைவிடக் கெட்டது. ஸ்பிரிங் விறைப்பு மாறாது என்று மேலே சொன்னேன், தடிமன் மாறாத வரை என்று ஒரு நிபந்தனையோடு. கமான் பட்டை துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தால் தடிமன் குறையும், விறைப்பும் குறையும். மீன் ஏற்றும் வண்டிகளில் பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் நேராகப் பின் பட்டைகளுக்கு நடுவே இறங்குகிறது. அந்த வண்டிகளைச் சாயங்காலம் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவினாலே பட்டையின் ஆயுள் கூடும். டார்ஷன் பாருக்கோ துருவில் விழும் சின்னக் குழியே எமன். முறுக்கு விசை முழுதும் கம்பியின் மேல்தோலில்தான் அதிகம். குழி விழுந்த இடத்தில் விரிசல் தொடங்கி, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துவிடும். கம்பியின் பெயின்ட் உரிந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து உடனே பூச வேண்டும். குழி ஆழமாக இருந்தால் திருகும் யோசனையே வேண்டாம், கம்பியை மாற்றுங்கள்.

சரிசெய்யும்போது

முதலில் வண்டி ஏன் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். டயர்க் காற்று, உடைந்த பட்டை, நைந்த ரப்பர் புஷ், வளைந்த சேஸிஸ் எல்லாம் டார்ஷன் பார் தளர்ந்தது போலவே வெளியே தெரியும். பின்பக்கம் படிந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பின்பக்கம் மாறினால் முன்பக்க உயரமும் மாறும். வண்டி நாலு கால் மேசை போல. முன் இடது மூலையை மட்டும் உயர்த்தினால் எடை அந்த மூலைக்கும் அதன் எதிர்மூலையான பின் வலதுக்கும் போகும். அதனால் ஒரு பக்கம் மட்டும் திருகி நிறுத்துவது அரிதாகவே சரியாக வரும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும்.

சமதரை, சரியான காற்று, வழக்கமாக நீங்கள் ஏற்றும் பாரம். இந்த நிலையில் நாலு சக்கரத்திலும் மையத்திலிருந்து மட்கார்டு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். போல்ட் இப்போது நிற்கும் இடத்தில் பெயின்ட்டால் குறி போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் திரும்பி வர வழி வேண்டுமே. துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். சேஸிஸில் ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்து, சக்கரம் தொங்கும் நிலையில்தான் போல்ட்டைத் திருக வேண்டும். பாரத்தோடு திருகினால் மரை போய்விடும். முறுக்கேறிய கம்பியில் அடங்கியிருக்கும் விசை கையை நசுக்கக்கூடியது. போல்ட் தேய்ந்திருந்தாலோ நெம்பு கையைக் கழற்ற வேண்டியிருந்தாலோ அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறை திருகிய பிறகும் வண்டியை இறக்கி, சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிய பிறகே அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறங்கிய டயர் தரையைப் பற்றிக்கொண்டு உள்வாங்கி நிற்கும், உருட்டாமல் அளந்தால் உயரம் பொய் சொல்லும். கம்பிகளைக் கழற்றினால் இடது வலது குறி பார்த்து அதே பக்கம் மாட்டுங்கள். ஒரு திசை முறுக்குக்குப் பழக்கப்பட்ட கம்பியை எதிர்ப்பக்கம் மாட்டினால் முறிய வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுதான் எல்லை. போல்ட்டில் இன்னும் மரை மிச்சம் இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. அந்த அளவுக்குள் சரிசெய்வது பராமரிப்பு. கட்டை வைத்து, பெரிய டயர் போட்டு வண்டியின் உருவத்தையே மாற்றுவது வேறு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது.

முடித்ததும் அலைன்மென்ட், முகவிளக்கு. ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். உயரம் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஒரு முறை சரிசெய்யலாம். ஒவ்வொரு மாதமும் இறங்கிக்கொண்டே இருந்தால் போல்ட்டை விட்டுவிட்டுப் புதுக் கம்பிக்கு விலை விசாரிக்க வேண்டியதுதான். வேலை முடிந்த பிறகு அந்தப் போல்ட்டின் மரை முழுதும் கிரீஸ் தடவி வையுங்கள். இந்தக் கரையில் தடவாமல் விட்ட போல்ட்டை அடுத்த முறை கழற்ற கியாஸ் கட்டிங்தான் வைக்க வேண்டியிருக்கும்.